உள்ள மனுஷன் தேய்க்கிறான், வெளிய மண்ணு தேய்க்குது: டேங்க் மாடல் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வி எல்லாமே ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. ஃபுல் இன்டீரியர், அதாவது உள்பக்கமும் முழுசா இருக்கற டேங்க் மாடல் பெட்டி ஒண்ண ஆசையா வாங்கி, பெட்டியத் திறந்து பாத்துட்டு, பயந்து போய் திரும்ப மூடி அலமாரி மேல ஏத்தி வெச்சவங்க நெறைய பேர் இருக்கீங்க போல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு, இந்த வாரம் முழுக்க டேங்குதான்.

கேள்வி: அண்ணா, 1/35 அளவுல டைகர் 1 (ரெண்டாம் உலகப் போர் ஜெர்மன் டேங்க்), உள்ள இன்ஜின்ல இருந்து குண்டு வரைக்கும் எல்லாம் இருக்கற கிட். முழுசா ஒட்டிட்டு பெயின்ட் அடிக்கணுமா, இல்ல ஸ்ப்ரூலயே (பார்ட்டெல்லாம் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் சட்டத்துலயே) வெச்சு பெயின்ட் அடிச்சிட்டு ஒட்டணுமா?

பதில்: ரெண்டுமே வேணாம். முழுசா ஒட்டுனா உள்ள ஏர்பிரஷ் போகாது, ஸ்ப்ரூலயே அடிச்சா வெட்டுன எடம் எல்லாம் வெள்ளை வெள்ளையா தெரியும், அத டச்-அப் பண்ணியே உயிர் போயிரும். துண்டு துண்டா பிரிச்சுக்கோங்க. ஹல்லோட (வண்டியோட அடி உடம்போட) தளம் ஒண்ணு, பக்கச் சுவர் ரெண்டு, இன்ஜின், கியர்பாக்ஸ், டரட் (மேல சுத்துற பீரங்கிக் கூண்டு) கூடை, டரட் உள்சுவர், மேல் தட்டு, இப்படி ஏழெட்டு பகுதியா தனித்தனியா ஒட்டி, தனித்தனியா பெயின்ட் அடிச்சு, வெதரிங்கும் (அழுக்கு, தேய்மானம் காட்டற வேலையும்) முடிச்சிட்டு கடைசியில சேர்க்கறதுதான் வழி. ஒட்டுற விளிம்புல மட்டும் முன்னாடியே மாஸ்கிங் டேப் போட்டுருங்க, ஏன்னா பிளாஸ்டிக் சிமென்ட் பெயின்ட் மேல புடிக்காது, பிளாஸ்டிக்க கரைச்சுத்தான் அது ஒட்டும்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, இத யாரும் செய்யறதில்ல. பசை போடாம எல்லாத்தையும் டேப்லயே நிறுத்தி, மேல் தட்ட மூடி, திறக்கப்போற ஹட்ச் (ஆள் ஏறி எறங்குற மூடி) வழியா மட்டும் டார்ச் அடிச்சு எட்டிப் பாருங்க. கண்ணுக்குப் பட்ட எடத்துல பென்சில்ல ஒரு கோடு. நான் மொத டைகர் செஞ்சப்போ நெஜ வண்டியில 92 குண்டு, கிட்லயும் 92 குண்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் கலர் அடிச்சு, கவசத்தத் துளைக்கற கருப்பு குண்டோட வெள்ளை மூக்க தனியா வெச்சு, ரெண்டு வாரம் ஒக்காந்தேன். மூடுனதுக்கு அப்புறம் தெரிஞ்சது பதினொண்ணு. மேல் தட்ட கழட்டிக் காட்டப் போறீங்கன்னா 92ம் அடிங்க, இல்லேன்னா பென்சில் கோடு விழாத எடத்துக்கு ஒரு கோட் போதும்.

கேள்வி: உள்பக்கம் என்ன கலர்? சிலர் பளீர் வெள்ளைங்கறாங்க, சிலர் சிவப்புங்கறாங்க.

பதில்: எந்த நாட்டு வண்டிங்கறத பொறுத்தது. அமெரிக்க ஷெர்மன் உள்ள வெள்ளை, ஆனா ஹட்ச் மூடியோட உள்பக்கம் மட்டும் வெளிய இருக்கற ஆலிவ் டிராப், மூடியத் திறந்து வெச்சா வெள்ளை தூரத்துல இருந்து தெரிஞ்சுரும்ல, அதான். ஜெர்மன் வண்டியில வீரர்கள் ஒக்கார்ற பகுதியோட மேல்பாதி ஐவரி, அதாவது ஜெர்மன் கலர் பட்டியல்ல ரால் 1001, அது வெள்ளை கிடையாது, கொஞ்சம் பாலாடை கலந்த மாதிரி இருக்கும். கீழ்ப்பாதி, இன்ஜின் அறை இதெல்லாம் பெரும்பாலும் சிவப்பு பிரைமரோடயே விட்டுருப்பாங்க, பேந்தர்ல இன்ஜின் அறை இதுக்கு நல்ல உதாரணம். போர் முடியற நேரத்துல வந்த பல வண்டிகள்ல ஐவரியே கெடையாது, பிரைமர்தான் உள்ள முழுக்க. அதனால எந்த மாசத்து வண்டிய செய்யறோம்னு முடிவு பண்ணாம கலர் பாட்டில திறக்காதீங்க.

ஐவரி அடிக்கறப்போ எல்லாரும் செய்யற தப்பு, ஒரே தடவையில மூடணும்னு பாக்கறது. வெளிர் கலர் அப்படி மூடாது, ஓரத்துல தேங்கி குட்டையாயிரும். மொதல்ல சிவப்பு பிரைமர், மூலையிலயும் போல்ட் வரிசையிலயும் அதவிட கொஞ்சம் கருத்த பிரவுன், அப்புறம் ஐவரிய ஒண்ணுக்கு ஒண்ணரை தின்னர் ஊத்தி, ஏர்பிரஷ் காத்தழுத்தத்த 15 பிஎஸ்ஐ பக்கத்துல வெச்சு, புகை மாதிரி நாலஞ்சு தடவை. மூலையில கீழ இருக்கற பிரவுன் லேசா தெரியறப்பவே நிறுத்திருங்க. அந்த நிழல் பாதி வெதரிங்க முடிச்சுக் குடுத்துரும்.

கேள்வி: ஹல் தளத்துக்கு எனாமல் வாஷ் (தண்ணியா கரைச்ச எனாமல் பெயின்ட்) போட்டுட்டு படுத்துட்டேன், காலையில பாத்தா ரெண்டு பார்ட் தானா ஒடைஞ்சு கெடக்கு. கிட்தான் மட்டமா?

பதில்: கிட் மேல தப்பு இல்லைங்க. இது எனக்கே நடந்திருக்கு. டைகர்ல ஒரு பக்கத்துக்கு எட்டு வீதம் பதினாறு டார்ஷன் பார் (முறுகி அதிர்ச்சியத் தாங்குற கம்பி) தளத்துக்குக் குறுக்க ஓடும், அதோட முனையிலதான் சக்கரத்தத் தாங்குற கை மாட்டியிருக்கும். எல்லாம் ஒரே மட்டத்துல நிக்கணும்னு நான் ரெண்டு சக்கரக் கைய கொஞ்சம் வளைச்சு அழுத்தி ஒட்டிட்டேன். அப்புறம் ராத்திரி தளம் முழுக்க கரும்பழுப்பு வாஷ், குளம் மாதிரி. லைட் அணைக்கப் போறப்போ டிக்னு ஒரு சத்தம், பல்லிதான்னு நெனச்சேன். காலையில வண்டியத் தூக்குறேன், ரெண்டு சக்கரக் கை டேபிள்லயே நிக்குது.

விஷயம் இதான். எனாமல் தின்னர் பெயின்ட் மூடாத பிளாஸ்டிக்ல எறங்கும், அந்த பிளாஸ்டிக் ஏற்கெனவே வளைஞ்சு இழுபட்டு இருந்துச்சுன்னா பிஸ்கட் மாதிரி விட்டுக்குடுத்துரும். நாம மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சிருப்போம், அடிப்பக்கமும் துளைக்குள்ளயும் வெறும் பிளாஸ்டிக்காவே இருக்கும், வாஷ் நேரா அங்கதான் போய் ஒக்காரும். அதனால மொதல் விதி, எதையும் வளைச்சு ஒட்டாதீங்க, பொருந்தலேன்னா தேய்ச்சு பொருத்துங்க. ரெண்டாவது, தெரியாத பக்கத்துக்கும் ஒரு கோட் அடிங்க. மூணாவது, கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் போட்டு ஒரு நாள் காய விட்டு, மெல்லிசு பிரஷ்ஷால போல்ட் அடியிலயும் மடிப்புலயும் மட்டும் வாஷ தொட்டு வைங்க, அதுவே ஓடிப் பரவிக்கும். தளம் முழுக்க ஊத்துற வேலையே வேணாம்.

கேள்வி: உள்பக்கம் வெதரிங் எப்படி பண்றது? வெளிய பண்ற மாதிரியே பண்ணேன், கைவிட்ட பழைய கொட்டகை மாதிரி இருக்கு.

பதில்: உள்ள மழை பெய்யாது, வெயில் அடிக்காது. அப்புறம் துருவும், மேல இருந்து கீழ வழியற கோடும் எங்க இருந்து வரும்? வெளிய அழுக்காக்கறது மண்ணும் தண்ணியும், உள்ள அழுக்காக்கறது அஞ்சு பேரோட கையும் காலும். பிரஷ் எடுக்கறதுக்கு முன்னாடி அந்த அஞ்சு பேரையும் அவங்கவங்க எடத்துல ஒக்கார வெச்சுப் பாருங்க. முன்னாடி இடது பக்கம் டிரைவர், வலது பக்கம் ரேடியோக்காரர், டரட்ல இடது பக்கம் கன்னர், அவருக்குப் பின்னாடி கொஞ்சம் ஒசரத்துல கமாண்டர், வலது பக்கம் முழுக்க லோடர்.

இதுல லோடர் எடந்தான் எனக்குப் புடிச்சது. அந்தாளுதான் அதிகமா நகர்றவர், சுவர் ஓரத்துல இருந்து குண்ட உருவி, திரும்பி, பீரங்கிக்குள்ள தள்ளணும், பூட்ஸ் கால் ரெண்டும் ஒரே எடத்துலதான் திரும்பித் திரும்பி மிதிக்கும். டரட் தளத்தோட வலது பாதியில அந்தக் கால் எடத்த மட்டும் மொதல்ல அடர் சாம்பல் பெயின்ட ஸ்பான்ஜால ஒத்தி எடுத்தேன். காஞ்சதும் 6பி பென்சில் முனைய தாள்ல தேய்ச்சு பொடி பண்ணி, அத வெரல் நுனியால அந்த எடத்துல மட்டும் சின்ன வட்டமா தேய்ச்சேன். தளத்துல இருக்கற சொரசொரப்பு மேடு மட்டும் பளபளன்னு இரும்பு மாதிரி எழும்பி நின்னுச்சு, பள்ளம் கருப்பாவே இருந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணுமே செய்யல. மேட் (மங்கல்) வார்னிஷ் மட்டும் அது மேல அடிச்சுராதீங்க, மினுமினுப்பு அத்தனையும் செத்துரும், வார்னிஷ் வேலைய முடிச்சிட்டுத்தான் பென்சில்.

இதே கணக்குலயே மத்த எடத்துக்கும் போங்க. கன்னர் காலால மிதிச்சுத்தான் டரட்ட சுத்துவார், அந்த மிதிப்பலகையோட ஓரம் தேஞ்சிருக்கும். டைகர்ல டிரைவருக்கு கார் மாதிரி ஸ்டியரிங் வீல் இருக்கு, கை புடிக்கற எடம் மட்டும் பெயின்ட் போயிருக்கும். ஹட்ச் விளிம்பு, ஏறி எறங்கறப்போ கை ஊணுற எடம், சீட்டுக்கு அடியில பூட்ஸ்ல இருந்து உதிர்ந்த காஞ்ச மண்ணு. சுவர்ல தோள் ஒரசுற ஒசரத்துக்கு ஆயில் பெயின்ட்ல ஒரு பொட்டு பழுப்ப வெச்சு, சுத்தமான பிரஷ்ஷால கரைச்சு, இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு ஒரு அழுக்குச் சாயல். கூரைக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே வேணாம். இன்ஜின் அறையில மட்டும் தாராளமா போங்க, புது எண்ணெய் மின்னும், பழைய எண்ணெய் தூசி ஏறி மங்கிப் போய் கெடக்கும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் கண்ணு நம்பும். பழுப்பு ஆயில் பெயின்ட்ல கொஞ்சம் கிளாஸ் வார்னிஷ் கலந்தா புது எண்ணெய், அதையே பிக்மென்ட் பொடியோட (காஞ்ச கலர்த்தூளோட) கலந்தா பழசு.

கேள்வி: சிப்பிங்குக்கு (பெயின்ட் பெயர்ந்த மாதிரி காட்டறதுக்கு) ஹேர் ஸ்ப்ரேவா, ஸ்பான்ஜா?

பதில்: உள்ள ஸ்பான்ஜ், வெளிய ஹேர் ஸ்ப்ரே, என் பழக்கம் இது. ஹேர் ஸ்ப்ரேன்னா பிரைமர் மேல ரெண்டு கோட் ஸ்ப்ரே, அது மேல அக்ரிலிக், ஒரு மணி நேரத்துக்குள்ள தண்ணியத் தொட்டு கட்டை பிரஷ்ஷால தேய்ச்சா மேல் பெயின்ட் உரிஞ்சு வரும். ரொம்ப நாள் விட்டா அசையாது, அக்ரிலிக்குக்கு பதிலா லேக்கர் பெயின்ட் அடிச்சிருந்தா தண்ணிக்கு மசியவே மசியாது. ஸ்பான்ஜுக்கு ஒரே ரகசியம், பெயின்ட்ல தொட்டதும் முக்காவாசிய தாள்ல ஒத்தி எடுத்துருங்க, ஒண்ணுமே மிச்சம் இல்லைன்னு தோணுறப்போதான் மாடல்கிட்ட கொண்டு போகணும்.

கேள்வி: வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கறப்போ உள்ள செஞ்சதெல்லாம் பாழாயிடாதா? அப்புறம் கவசத்துல துரு எவ்ளோ போடலாம்?

பதில்: ஹட்ச் ஓட்டையில ஈரமான டிஷ்யூவ உருட்டி அடைச்சுருங்க, எந்த வடிவத்துக்கும் பொருந்தும், பெயின்ட் காஞ்சதும் இடுக்கியால உருவிக்கலாம். உள்ள போட்ட பிக்மென்ட்ட அதுக்கு முன்னாடியே ஃபிக்ஸர் விட்டு ஒட்ட வெச்சுருங்க, இல்லேன்னா ஏர்பிரஷ் காத்துல ஐவரி சுவரெல்லாம் புழுதி.

துருவப் பத்தி ஒரே பேச்சுதான், கம்மி பண்ணுங்க. போர்முனை டேங்க் துருப்புடிச்சு ஒழுகுற வயசு வரைக்கும் இருந்ததே அபூர்வம். சைலன்சர் சூட்டுல பெயின்ட் கருகி துருப்புடிக்கும், அங்க போடுங்க. ட்ராக்க நெஜ டைகர்ல பெயின்ட் அடிக்கல, அது வெறும் இரும்பு, அதனால அடர் பழுப்பு மேல மண் கலர், தரையில தேயற மேடும் உள்ள சக்கரம் ஓடுற கோடும் மட்டும் உலோகம். கவசத்துல தூசியும் சேறும் போதும். 1943 பிப்ரவரிக்கு அப்புறம் ஜெர்மன் ராணுவத்துல மஞ்சள் மேல பச்சையும் சிவப்புப் பழுப்பும் களிம்பா குடுத்து, தண்ணியோ பெட்ரோலோ ஊத்திக் கரைச்சு அடிச்சுக்கோன்னு வீரர்கள்கிட்டயே விட்டுட்டாங்க. அதனால உங்க கேமோ (மறைப்பு நிற) பட்டை எங்கயாச்சும் மெலிசா, திட்டுத்திட்டா வந்துச்சுன்னா அழிக்காதீங்க.

கேள்வி: இவ்ளோ கஷ்டப்பட்டு உள்ள செஞ்சிட்டு மேல மூடிட்டா யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் கேக்குற கேள்விங்க இது.

பதில்: நியாயமான கேள்விதான் கேட்டிருக்கார். மேல் தட்ட ஒட்டாதீங்க, மூலைக்கு ஒண்ணா 2 மில்லிமீட்டர் காந்தம் வெச்சா கழட்டி மாட்டிக்கலாம். டரட் எப்படியும் தூக்கினா வந்துரும். இன்னும் தைரியம் இருந்தா ஒரு பக்கச் சுவரையே வெட்டி எடுத்துருங்க, இங்கிலாந்துல போவிங்டன் டேங்க் மியூசியத்துல ஒரு சென்சூரியன் டேங்க நெஜமாவே இப்படி வெட்டி, வயித்துக்குள்ள இருக்கறது தெரியற மாதிரி நிக்க வெச்சிருக்காங்க. வெட்டுன விளிம்புக்கு நல்ல சிவப்பு அடிச்சிட்டா இது ஒடைஞ்சது இல்ல, வேணும்னே வெட்டுனதுன்னு பாக்கறவங்களுக்கு ஒடனே புரியும். ஒண்ணு மட்டும், வெட்டறதா இருந்தா பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே வெட்டிருங்க, பின்னாடி வெட்டுனா அந்தத் தூள் உள்ள போய் ஒக்காந்துக்கிட்டு வெளிய வரவே வராது.

கேள்வி: பிக்மென்ட் பொடிக்கு மாஸ்க் அவசியமா?

பதில்: ஆமா, சாதா தூசி மாஸ்க் போதும். லேக்கர் அடிக்கறப்போ மட்டும் அது பத்தாது, ஆவிய வடிகட்டுற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கிட்டு ஜன்னலத் திறந்து வெச்சுக்கோங்க.