டிவிடி போட்டும் பூட் ஆகாத அப்பாவின் கம்ப்யூட்டர்

கேள்வி: வணக்கம் சார். 2003-இல் அப்பா வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. 256 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா இப்போது இல்லை. அவர் தமிழில் டைப் செய்து வைத்த வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆன் செய்தால் எஃப்1 அழுத்தச் சொல்கிறது, தேதி எப்போதும் 2003 ஜனவரி என்று காட்டுகிறது, அப்புறம் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட்டை டிவிடியில் ரைட் செய்து கொடுத்தார். விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் செட்டிங்கில் சிடி டிரைவை முதலில் வைத்துவிட்டு அதைப் போட்டேன். டிரைவ் இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு அடங்கிவிட்டது, மறுபடி அதே மெசேஜ்தான். மறுநாள் பார்த்தால் பயாஸில் மாற்றியதையும் காணோம். டிரைவ் முகப்பில் 52எக்ஸ் என்று மட்டும் போட்டிருக்கிறது. கடையில் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யாதீர்கள் அம்மா. அப்பாவின் எழுத்து கைக்கு வரும்வரை அந்த ஹார்ட் டிஸ்கில் யாரும் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது. என்டிஎல்டிஆர் என்பது எக்ஸ்பி எழுந்து வருவதற்கு வேண்டிய ஒரு சின்ன ஃபைல். அதைக் காணவில்லை என்றால் மற்ற ஃபைல்களும் போய்விட்டன என்று அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோளாறு இருக்கிறது, அதனால்தான் எதைச் செய்தாலும் பலன் தெரியவில்லை.

முதலாவது, அந்த 52எக்ஸ். டிவிடி என்ற எழுத்தே இல்லாமல் அது மட்டும் இருந்தால் அது வெறும் சிடி டிரைவ். சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு வேண்டியது 650. தட்டு ஒரே அளவுதான், ஆனால் டிவிடியில் இருக்கும் நுணுக்கமான பள்ளங்கள் சிடி லேசருக்குப் பிடிபடாது. உங்கள் டிரைவ் சுற்றிப் பார்த்துவிட்டு அடங்கியது அதனால்தான், அது கெட்டுப்போகவில்லை. சிடி டிரைவ் என்றால் சிடிதான், அதாவது 700 எம்பிக்குள் அடங்க வேண்டும். இப்போதைய லினக்ஸ் மின்ட் 2 ஜிபிக்கு மேல். அது அடங்கினாலும் உங்கள் மெஷினில் ஓடாது, ஏனென்றால் அது 64 பிட், 2003-இல் வாங்கிய பென்டியம் 4 என்றால் 32 பிட். 256 எம்பி ரேமும் அதற்குப் போதாது.

அந்தத் தம்பியிடம் பப்பி லினக்ஸ் என்ற சின்ன லினக்ஸின் பழைய 32 பிட் பதிப்பு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், 200 எம்பியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் வாங்குங்கள், அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், அது வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், வயதான டிரைவ்கள் திணறும். டவுன்லோட் ஆவது முழு சிடியையும் ஒன்றாகக் கட்டி வைத்த ஐஎஸ்ஓ ஃபைல். அதை அப்படியே காப்பி செய்யாமல் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' கொடுத்து, வேகத்தைக் குறைத்து ரைட் செய்ய வேண்டும். முடிந்ததும் லேப்டாப்பிலேயே சிடியைத் திறந்து பாருங்கள், உள்ளே பல ஃபைல்கள் தெரிந்தால் சரி, ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிடி பூட் ஆகாது.

இரண்டாவது கோளாறு பேட்டரி. உள்ளே இருக்கும் பெரிய சர்க்யூட் போர்டான மதர்போர்டில், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவில், வட்டமாக, சிஆர்2032 என்று எழுதியிருக்கும். புதிதில் 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் பயாஸ் தேதியையும் நீங்கள் மாற்றிய பூட் வரிசையையும் சேர்த்தே மறந்துவிடும். ஆனால் சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை மறக்காது, ஏனென்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் கரண்ட் போர்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ராத்திரி ஸ்விட்சை அணைத்திருப்பீர்கள், காலையில் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். வாட்ச் கடையில் அந்தப் பேட்டரி கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே வருமாறு மாற்றுங்கள். பிறகு டெல் கீ அழுத்தி பயாஸுக்குள் போய், தேதியைச் சரிசெய்து, முதல் பூட் டிவைஸாக சிடிராமை வைத்து, எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள்.

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஹார்ட் டிஸ்க் பெயரோடு சிடி டிரைவின் பெயரும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பின்னால் இருக்கும் பட்டைக் கேபிளை எடுத்து நன்றாக அழுத்திச் சொருகுங்கள். இரண்டும் ஒரே கேபிளில் இருந்தால் டிரைவின் பின்னால் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் செருகியான ஜம்பர் ஒன்றில் மாஸ்டர், இன்னொன்றில் ஸ்லேவ் என்று இருக்க வேண்டும்.

பப்பி வந்துவிட்டால் அது சிடியிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்கைத் தொடாது. 'இன்ஸ்டால்' என்று எழுதிய எதையும் கிளிக் செய்யாதீர்கள். பென் டிரைவைச் சொருகி, ஹார்ட் டிஸ்கில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள், அப்பாவின் டெஸ்க்டாப்பும் அதற்குள்தான் இருக்கும். யூஎஸ்பி 1.1 போர்ட் என்றால் 1 ஜிபிக்கு இருபது நிமிடம் போல ஆகும், பொறுமையாக விடுங்கள்.

சிடியோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அந்தப் பட்டைக் கேபிள் இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் ஐடிஇ - யூஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் லேப்டாப்பில் இணைத்தும் எடுக்கலாம். தனி பவர் அடாப்டரோடு வரும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பலரும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்கவில்லை, பாமினி மாதிரி ஃபான்ட்களில்தான் அடித்தார்கள். பாமினியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க அரைப்புள்ளிக் கீயைத்தான் தட்ட வேண்டும். அந்த ஃபான்ட் இல்லாத லேப்டாப்பில் அப்பாவின் குறிப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எடுத்து வைத்த ஃபான்ட்களை லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்துவிட்டுத் திறந்து பாருங்கள். சரியாகத் தெரிந்ததும் எந்த ஃபான்ட் என்று எனக்கு எழுதுங்கள், யூனிகோடுக்கு மாற்றும் வழியைச் சொல்கிறேன்.