பித்தோன் தே நேஜ்: ஒரே நாளில் ஏறலாமா, இரவு தங்கவேண்டுமா?

கேள்வி: ரீயூனியன் தீவில் சேந்தாந்த்ரே ஊரில் இருக்கிறோம். ஆகஸ்டில் புதுச்சேரியிலிருந்து மாமனாரும் மச்சானும் வருகிறார்கள். மச்சானுக்கு 28 வயது. பித்தோன் தே நேஜ் மலை உச்சியில் சூரிய உதயம் பார்த்தே தீரவேண்டும் என்கிறான். மாமாவுக்கு 64, முழங்கால் வலி உண்டு. ஆனாலும் நானும் வருவேன் என்கிறார். எல்லோரும் சைவம். ஒரே நாளில் ஏறி இறங்கிவிட முடியுமா?

பதில்: மாமா விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. வேண்டாம். சிலாவோஸ் ஊருக்கும் ப்ரா செக்குக்கும் நடுவில் இருக்கும் லெ ப்ளோக்கில், சுமார் 1,380 மீட்டரில் நடை தொடங்குகிறது. உச்சி 3,070 மீட்டர். கிட்டத்தட்ட 1,700 மீட்டர் ஏறவேண்டும். அதே அளவு இறங்கவும் வேண்டும். பாதையில் பெரும்பகுதி உயரம் உயரமான கல் படிகளும் மரக்கட்டைப் படிகளும்தான். ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது முழங்கால் வீங்கினால் அதற்கு அங்கே மருந்தில்லை. இளைஞர்களுக்கே இறங்கும்போதுதான் கால் நடுங்கும், அதனால் மச்சானும் நீங்களும் ஊன்றுகோல் எடுத்துப் போங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. ஒரே நாளில் முடியும், முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உதயத்தையும் பார்க்கவேண்டும் என்றால் நள்ளிரவை ஒட்டியே லெ ப்ளோக்கிலிருந்து கிளம்பவேண்டும். தூக்கமில்லாமல் ஏறி, வெயிலில் இறங்கி, அப்புறம் வளைவுச் சாலையில் வண்டியும் ஓட்டவேண்டும். உதயத்தை விட்டுவிட்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினாலோ, உச்சிக்குப் போய்ச் சேரும்போது மேகம்தான் இருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழேயிருந்து மேகம் ஏறி மலையை மூடிவிடுவது இங்கே வழக்கம்.

எனவே இரவு தங்குங்கள். சுமார் 2,480 மீட்டரில் கவேர்ன் துய்ஃபூர் மலை விடுதி இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறைக் காலம் என்பதால் பல மாதம் முன்பே இடம் நிரம்பிவிடும். தேதி உறுதியானதும் முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள். சைவம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கறிக்குழம்பை ஒதுக்கிவிட்டு, சோறும் பீன்ஸும் மட்டும் சாப்பிடவேண்டியிருக்கும். மிளகாய்க்குப் பஞ்சம் இருக்காது, அதற்கு நான் உத்தரவாதம்.

லெ ப்ளோக்கிலிருந்து விடுதிக்கு இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். ஆகஸ்டில் ஆறு மணி தாண்டினால் இருட்டு, எனவே நண்பகலுக்குள் கிளம்புங்கள். சேந்தாந்த்ரேக்காரர்களுக்கு ஓர் ஆசை வரும்: சலாஸி பக்கத்து எல்பூர் ஊர்தானே பக்கம், அங்கிருந்தே ஏறிவிடலாமே என்று. எல்பூர் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஏற்றம் இன்னும் அதிகம், சேறும் அதிகம். முதல்முறை வருபவரை அந்த வழியில் கூட்டிப்போகாதீர்கள்.

விடுதியிலிருந்து உச்சிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஆகஸ்டில் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் உதிக்கிறது. ஆனாலும் மூன்று மணிக்கே எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். அவர்களோடு ஓடினால் உச்சியில் ஒரு மணி நேரம் காற்றில் நடுங்கிக்கொண்டு உட்காரவேண்டியதுதான். நாலு, நாலேகால் போதும். குளிர் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், பாறைகளில் உறைபனி படிந்திருக்கலாம். புதுச்சேரியிலிருந்து வருபவருக்கு ஸ்வெட்டர் ஒன்று மட்டும் போதாது. காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லாய் மூன்றும் வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, அதை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கைபேசி வெளிச்சத்தில் ஏறாதீர்கள். தலையில் கட்டும் விளக்கு இருந்தால்தான் பாறையைப் பிடிக்க இரண்டு கையும் கிடைக்கும்.

வானம் தெளிவாக இருந்தால் சிலாவோஸ், சலாஸி, மஃபாத் மூன்று பள்ளத்தாக்குகளும் காலடியில் தெரியும். தென்கிழக்கில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை. அது இன்னும் அடிக்கடி வெடிக்கிறது; நீங்கள் நிற்கும் மலை அடங்கிப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. விருந்தாளிகளைக் கடலில் ஸ்கூபா டைவிங்குக்குக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால், அதற்கும் மலைக்கும் இடையே முழுதாக ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். டைவிங் முடித்த உடனே உயரம் ஏறினால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகிவிடும், உயிருக்கே ஆபத்து.

மாமாவைச் சிலாவோஸ் வரை அழைத்துப்போங்கள். சேன் லூயியிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 400க்கு மேல் வளைவுகள். முன் சீட்டில் உட்காரவைத்து, வயிறு முட்டச் சாப்பிடாமல் கூட்டிப்போங்கள். ஊரில் வெந்நீர்க் குளியல் நிலையம் இருக்கிறது, முழங்காலுக்கு இதமாக இருக்கும். ரோஷ் மெர்வெயோஸ் என்ற காட்சிமுனைக்குக் காரிலேயே போகலாம். சிலாவோஸ் பருப்புக்குத் தீவு முழுக்கப் பெயர். வாங்க அவரையே அனுப்பிவையுங்கள், பேரம் அவர் பார்த்துக்கொள்வார்.

கிளம்பும் முந்தைய நாள் மெத்தேயோ பிரான்ஸ் வானிலை அறிக்கையையும், மூடிய பாதைகள் பற்றிய வனத்துறை அறிவிப்பையும் பாருங்கள். அவசரத்துக்கு எண் 112. விடியற்காலையில் மழையோ பலத்த காற்றோ இருந்தால் விடுதியிலிருந்தே கீழே இறங்கிவிடுங்கள். மச்சான் முறைத்தால் முறைக்கட்டும்.