தென்னை யாருக்கு மரம், யாருக்குப் புல்?

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் ஒரு தகராறு. 'ஐந்து மரங்களின் பெயர் எழுதுக' என்ற கேள்விக்கு ஒரு மாணவி தென்னை, பனை, மூங்கில் மூன்றையும் சேர்த்து எழுதியிருந்தாள். மூங்கில் புல் வகை என்று அறிவியல் ஆசிரியர் அதை அடித்துவிட்டார். தமிழாசிரியரோ, தொல்காப்பியப்படி தென்னையும் பனையும்கூடப் புல்தான், மூன்றையுமே அடிக்க வேண்டும் என்கிறார். மாணவியின் அப்பா தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. உண்மையில் எது சரி? தொல்காப்பியர் இன்றைய தாவரவியலை அன்றே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓர் ஆசிரியை, பொள்ளாச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த மாணவிக்கு முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுங்கள். எந்தத் துறை மரம் என்று சொல்கிறதோ அதை எழுது என்று கேள்வியில் இல்லை. ஊரில் எல்லோரும் எதை மரம் என்கிறார்களோ அதை எழுதியிருக்கிறாள்.

தாவரவியலில் மரம் என்பது ஒரு குடும்பத்தின் பெயரே அல்ல, வளரும் விதத்தின் பெயர். புளியமரம் அவரைக் குடும்பம். தேக்கு துளசிக் குடும்பம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களில் செடிகள் தனித்தனியாக மரமாகியிருக்கின்றன. மூங்கில் புல் குடும்பத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு, அதில் சந்தேகமில்லை. தென்னையும் பனையும் அந்தக் குடும்பம் அல்ல, அவை தனிக் குடும்பம். உயரமாக ஒற்றைத் தண்டில் நின்றால் போதும், மரம் என்று சொல்லலாம் என்பவர்களும் உண்டு. ஆண்டுதோறும் தண்டு பருத்து உள்ளே கட்டை சேர்ந்தால்தான் மரம் என்பவர்களும் உண்டு. இரண்டாவது அளவுகோலில் தென்னை தோற்றுவிடும்.

இனி தொல்காப்பியம். அதில் மரபியல் என்ற இயலில் வரும் வரிகள் இவை:

"புறக்கா ழனவே புல்லென மொழிப
அகக்கா ழனவே மரமென மொழிப"

காழ் என்ற இறுகிய கட்டைப் பகுதியைத்தான் தச்சர்கள் இன்று வைரம் என்கிறார்கள். வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். இதை நீங்கள் வகுப்பிலேயே காட்டலாம். மர அறுவைப் பட்டறையில் ஒரு தேக்குத் துண்டும் ஒரு தென்னைத் துண்டும் கேட்டு வாங்குங்கள். தேக்கின் குறுக்குவெட்டில் நடுப்பகுதி கருத்து இறுகியிருக்கும், ஓரம் வெளுத்திருக்கும். தச்சர் அந்த வெளுத்த ஓரத்தைச் செதுக்கித் தள்ளிவிடுவார். தென்னையில் எல்லாம் தலைகீழ். ஓரம்தான் கருத்த நார்க்கற்றைகள் நெருங்கி இரும்பாக இருக்கும், நடுவில் வெறும் சோறு, அதாவது மென்மையான உட்பகுதி. பனையைப் பிளந்து, சோற்றைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் கடத்தும் தொட்டியாக வைத்தார்களே, அது இந்த அமைப்பை நம்பித்தான். வருட வளையமும் தென்னையில் கிடையாது.

உயிரோடு நிற்கும்போதும் வித்தியாசம் தெரியும். மாமரத்தில் அரிவாள் பட்டால் சில வருடங்களில் சுற்றிலும் பட்டை வளர்ந்து காயத்தை மூடப் பார்க்கும். தென்னையில் ஏறுவதற்கு வெட்டிய படி எத்தனை வருடம் ஆனாலும் ஆறாது. பருக்க வைக்கும் திசு அடுக்கு அதற்கு இல்லை என்பதே காரணம். அந்த மாணவியின் அப்பாவுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதற்காக, தொல்காப்பியர் இன்றைய தாவரவியலைச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரை அப்படிப் பெருமைப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. 'மொழிப' என்கிறார், அதாவது 'அப்படிச் சொல்வார்கள்'. மரபியல் எதை எப்படிச் சொல்வது என்ற வழக்கைப் பேசும் இயல். அடுத்த நூற்பாக்களைப் பாருங்கள். தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லோடு வரும் சொற்கள். இலை, முறி, தளிர், சினை, குழை, பூ, அரும்பு, நனை எல்லாம் மரத்தோடு வருபவை என்கிறார். இன்றும் நாம் மாவிலை, வேப்பிலை என்றுதானே சொல்கிறோம்? தென்னையில் ஓலை, பனையில் மடல், விளக்குமாற்றுக்கு ஈர்க்கு. புல் என்ற பெயர் போய்விட்டது, அதன் சொற்களை நாம் விடவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, இந்தச் சண்டை தேர்வுத்தாளோடு நின்றால் பரவாயில்லை. சட்டத்துக்குள் போனபோது எளிய மக்களின் பிழைப்பில் கை வைத்தது. 1927 இந்திய வனச் சட்டம் பனை வகைகள், மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு எல்லாவற்றையும் மரம் என்ற சொல்லுக்குள் சேர்த்தது. பிரம்பையும் புதரையும் மரம் என்பது அறியாமையால் வந்ததல்ல. காட்டிலிருந்து வெளியே போகும் எதுவும் வனத்துறையின் கைக்குத் தப்பக் கூடாது என்பதே நோக்கம். அதனால் சொந்த நிலத்தில் மூங்கில் வளர்த்தவர்கூட வெட்டவும் வண்டியில் ஏற்றவும் பல மாநிலங்களில் அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைத் தேன், மெழுகு போல, காட்டில் வாழ்பவர்கள் சேகரித்து விற்கக்கூடிய சிறு வனப் பொருள் என்றது. அப்படியிருந்தும், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா கிராமசபையிடம் மூங்கிலுக்கான போக்குவரத்து அனுமதிச் சீட்டு வந்து சேர 2011 ஏப்ரல் ஆகிவிட்டது. வனச் சட்டத்தின் விளக்கத்திலிருந்து மூங்கில் என்ற சொல்லை எடுத்தது 2017இல்தான். தொண்ணூறு வருடம்! கூடை முடைகிறவர்களின் தலைமுறைகள் அதற்குள் கடந்துவிட்டன.

கோவாவில் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே 2016இல் மரப் பாதுகாப்புச் சட்டத்தில் மரம் என்பதன் விளக்கத்திலிருந்து தென்னையை நீக்கினார்கள். அனுமதி இல்லாமலே வெட்டலாம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே மீண்டும் மரமாக்கி, மாநில மரம் என்ற இடத்தையும் கொடுத்தார்கள். நம் மாநில மரம் பனை. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பனை மரமா புல்லா என்று அந்த அறிவிப்புக்கு யாரும் இலக்கணம் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் கூடாது.

நான் சட்டென்று ஒப்புக்கொள்ளாத கணக்கு ஒன்று உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளில், ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள நிலத்தில் மரக் கவிகை, அதாவது மரங்களின் கிளையும் இலையும் மேலே மூடும் பரப்பு, பத்து சதவீதம் இருந்தாலே அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி இல்லை. பழத்தோட்டம், மூங்கில், பனை வகைகள் எல்லாம் அடக்கம். உங்கள் ஊர்த் தென்னந்தோப்பும் அந்த அளவில் காடுதான். காடு கூடியிருக்கிறது என்று செய்தி வரும்போது, அதில் தோப்பு எவ்வளவு என்று உங்கள் மாணவர்கள் கேட்கப் பழகட்டும்.

அன்புடன்