ஐ.பி.எம். 1401-ஐ இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள்?

"கையிலிருக்கும் மொபைலுக்கு முன்னால் 1960களின் மெயின்பிரேம் என்ற பெரிய அலுவலகக் கணினி எம்மாத்திரம்? அதைப் போய் ஏன் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேகத்தை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயம்தான். 1959-இல் அறிமுகமான ஐ.பி.எம். 1401 என்ற அந்தக் கணினியின் ஆரம்ப மாடலில் நினைவகம் வெறும் 1,400 எழுத்துகள், பெரிய மாடலிலும் கூடிப்போனால் 16,000.

ஆனால் அதற்கு முன் அலுவலகங்களில் என்ன இருந்தது என்று பாருங்கள். தகவல்களைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைப் பிரிக்க ஓர் இயந்திரம், கூட்டிப் பட்டியல் போட இன்னொன்று. வேலை மாறினால் பலகையில் வயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். 1401 வந்ததும் அந்த வேலையை நிரல் எடுத்துக்கொண்டது. மாத வாடகை 2,500 டாலரில் தொடங்கியதால் நடுத்தர நிறுவனங்களுக்கும் கட்டுப்படியானது. 10,000-க்கும் மேல் தயாரானது.

அப்புறம் அதன் 1403 பிரிண்டர்! நிமிடத்துக்கு 600 வரி. எழுத்துகள் கோத்த சங்கிலி பக்கவாட்டில் சுழல, தேவையான எழுத்து நேரே வரும் அதே கணத்தில் தாளின் பின்னாலிருந்து சுத்தியல் தட்டும். நேர்த்தியான அச்சு.

கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு 1401-களை மீட்டெடுத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் பலர் சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்த பலன். பார்வையாளர்கள் பெயரை அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் பிரிண்டரில் பெரிதாக அச்சாகி வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த இயந்திரத்தால் இதைக் காட்டவே முடியாது. அதனால்தான் அந்த உழைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். போவதாக இருந்தால் இயக்கிக் காட்டும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள், தினமும் ஓட்டுவதில்லை.