சிங்கப்பூரா, முனிச்சா, டொரோன்டோவா?

கேள்வி: எனக்கு வயது 33. திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே சென்னை கம்பெனி ஒன்றுக்கு டேட்டா இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். கணவர் அரசு உதவிபெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. அத்தைக்கு (கணவரின் அம்மா) 70 வயது, சர்க்கரை உண்டு, எங்களோடுதான் இருக்கிறார். மதுரையில் நாத்தனார் இருக்கிறார். இப்போது எனக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. சிங்கப்பூரில் மாதம் 7,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முனிச்சில் ஆண்டுக்கு 66,000 யூரோ. எந்த ஊரில் வாழ ஆசை என்றால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். எனக்கு முனிச். தமிழர்கள் நிறைய என்பதால் கணவருக்கு டொரோன்டோ. மகளுக்கு சிங்கப்பூர், காரணம் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: டொரோன்டோவை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். அங்கே உங்களுக்கு வேலையும் இல்லை, விசாவும் இல்லை. கனடாவின் குடியேற்றத் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துகொண்டிருந்த கூடுதல் மதிப்பெண்களையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். உங்கள் கணவர் ஆசையில் தவறில்லை. ஆனால் கையில் இருக்கும் இரண்டை, கையில் இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டால் முடிவு தள்ளிப்போகும், இரண்டு கம்பெனிகளும் காத்திருக்க மாட்டா.

மீதி இரண்டைப் பார்க்குமுன், உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம் வேண்டும்: எத்தனை ஆண்டுகளுக்குப் போகிறீர்கள்? நாலைந்து ஆண்டு சம்பாதித்துத் திரும்பும் குடும்பத்துக்கும், அங்கேயே வேர்விட நினைக்கும் குடும்பத்துக்கும் ஒரே ஊர் பொருந்தாது. ‘போய்ப் பார்ப்போம்’ என்று கிளம்புகிறவர்கள் பலரும் மாட்டிக்கொள்வது குழந்தையின் வகுப்பில்தான். அதைப் பிறகு சொல்கிறோம்.

சிங்கப்பூர்க் கடிதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அங்கே வேலை செய்வதற்கான அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி என்று எல்லோரும் சொல்வார்கள். அது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏறத் தொகையும் ஏறி, 45 வயதில் 10,700 வெள்ளியில் நிற்கும். நிதித்துறை என்றால் இன்னும் கூடுதல். 2025 ஜனவரியில் வந்த இந்த அளவுகோலில் 33 வயதுக்குச் சுமார் 7,900 வெள்ளி வேண்டும். உங்களுக்குச் சொன்ன 7,800 தேறாது. தேறினாலும் முதல் பாஸ் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும்போது உங்களுக்கு 35 ஆகியிருக்கும், அப்போது சுமார் 8,400 காட்ட வேண்டும். அளவுகோலையே அரசு உயர்த்தினால் அதுவும் போதாது. ஆகவே கம்பெனியிடம் இப்போதே 8,400 கேளுங்கள். இது பேராசையாகத் தோன்றினால், மனிதவள அமைச்சின் இணையதளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் உங்கள் வயதையும் சம்பளத்தையும் போட்டு, வரும் பக்கத்தை அப்படியே மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

சம்பளத்துக்கு மேல் ‘காம்பஸ்’ என்ற புள்ளிக் கணக்கும் உண்டு. 40 புள்ளி தேவை. உங்கள் பட்டத்துக்கும் அதில் புள்ளி உண்டு. ஆனால் பட்டம் உண்மையானது என்று சரிபார்ப்பு நிறுவனம் தரும் சான்று வேண்டும். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து அந்தப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சம்பளப் பேச்சு நடக்கும்போதே அதைத் தொடங்கிவிடுங்கள்.

இனி மாதக் கணக்கு. சிங்கப்பூரில் 8,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே வருமான வரியை மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டு மொத்தமாகக் கேட்பார்கள். கணவர், பிள்ளைக்கான கழிவுகள் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 4,900 வெள்ளி வரும். முதல் ஆண்டு இந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு இரண்டாம் ஆண்டு முழிப்பது புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மாதம் 410 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள். நகர மையத்திலிருந்து தள்ளி மூன்றறை வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டுக்கு 2,900 என்று வையுங்கள். அங்கே மூன்றறை என்றால் கூடத்தையும் சேர்த்துத்தான். நம் கணக்கில் அது இரண்டு படுக்கையறை வீடு. மகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால், ஆசியான் அல்லாத நாட்டுப் பிள்ளைகளுக்கான கட்டணம் தொடக்கப்பள்ளியிலேயே மாதம் 900 வெள்ளிக்கு மேல். மின்சாரம், தண்ணீர், இணையம், போன் 300. சாப்பாடு, பஸ், ரயில் 1,400. மிச்சம் 2,400 வெள்ளியை ஒட்டி இருக்கும். ஊருக்கு வரும் டிக்கெட், காப்பீட்டில் அடங்காத மருத்துவம் எல்லாம் இதிலிருந்துதான். வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதி கிடையாது என்பதால், முதுமைக்கான சேமிப்பையும் நீங்களே செய்ய வேண்டும்.

முனிச்சில் மாதம் 5,500 யூரோவில், கணவரும் அங்கே குடியிருந்து நீங்கள் மூன்றாம் வரி வகுப்பில் (தம்பதியில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் பொருந்துவது) இருந்தால், கைக்குச் சுமார் 3,750 வரும். பிள்ளைகளுக்கு அரசு தரும் ‘கிண்டர்கெல்ட்’ மாதம் 259 யூரோ. ஆக 4,000. வாடகை, சூடேற்றும் செலவோடு, 2,000-ஐத் தொடும். மின்சாரம், இணையம், ஒலிபரப்புக் கட்டணம் 150. சாப்பாடு 700. இருவருக்கு மாதாந்தர ரயில், பஸ் டிக்கெட் ஆளுக்கு 63 யூரோ. பள்ளிக்குக் கட்டணம் இல்லை. மிஞ்சுவது 1,000 யூரோ. பார்க்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் பிடித்தத்துக்குள்ளேயே மூவருக்கும் மருத்துவக் காப்பீடு அடங்கிவிட்டது, ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்காக மாதம் 500 யூரோவுக்கு மேல் போகிறது, கம்பெனியும் அதே அளவு போடுகிறது. ரூபாயில் பெருக்கி, மிச்சத்தை மட்டும் ஒப்பிட்டு சிங்கப்பூர்தான் லாபம் என்று முடிவுகட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கணவரும் மகளும் ஆறு மாதம் கழித்து வரட்டும் என்று நினைத்தால் ஜெர்மனியில் ஒரு சிக்கல். அவர் அங்கே பதிவு செய்யும்வரை நீங்கள் தனியாள்களுக்கான முதல் வரி வகுப்பு, மாதம் 400 யூரோவுக்கு மேல் குறையும். அதே காலண்டர் ஆண்டுக்குள் அவர் வந்து சேர்ந்துவிட்டால் கூட்டு வரிக்கணக்குக் காட்டித் திரும்ப வாங்கலாம். ஜனவரியில் வந்தால் முந்தைய ஆண்டுக்கு அது கிடையாது. டிசம்பர் கடைசிக்குள் வருவதா, பொங்கல் முடித்து வருவதா என்பதில் ஆயிரக்கணக்கான யூரோ தொங்குகிறது.

வீடு பிடிப்பதில் முனிச் கடினம். வீட்டுக்காரர் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ‘ஷூஃபா’ என்ற கடன் வரலாறும் கேட்பார். புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. அதனால் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குச் சாமான்களோடு கூடிய தற்காலிக வீடு எடுப்பதே வழி. எடுக்கும்போது, குடியேறியதற்கான வீட்டுக்காரர் உறுதிப் படிவம் தருவாரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு நடக்காது. பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, வரி எண் தாமதமானால் முதல் சம்பளத்திலேயே மிக அதிகமான ஆறாம் வகுப்பு வரி பிடிக்கப்படலாம். நிலையான வீட்டுக்கு முன்பணம், சூடேற்றும் செலவு சேராத வாடகையில் மூன்று மாதம்வரை. அதை மூன்று தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. இன்னொன்று, பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாம் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை குறைவு. வாடகை ஒப்பந்தத்தில் ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’ என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், பொதுவாக ஓராண்டு கழிந்தபின் இரண்டு மாத அறிவிப்பில் வீட்டைக் காலிசெய்ய அது உதவும். வேலை போனால் பாஸ் ரத்தாகி, வழக்கமாக 30 நாளில் கிளம்ப வேண்டும். படித்த வெளிநாட்டு வேலையாளர்களுக்கு ஜெர்மனி தரும் புளூ கார்டு அனுமதியில் வேறு வேலை தேட மூன்று மாதமாவது கிடைக்கும்.

இப்போது உங்கள் கணவர். இரண்டு ஊரிலும் அவருடைய வேலைதான் விலை. சிங்கப்பூரில் சார்ந்தோர் அட்டையில் வருகிறவர், தனக்கென்று வேலை அனுமதி கிடைத்தால் ஒழிய வேலை செய்ய முடியாது. வீட்டில் டியூஷன் எடுப்பதும் அதில் சேரும். ஜெர்மனியில் முதல் நாளிலிருந்தே வேலை செய்ய உரிமை உண்டு, ஆனால் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்த மிக உயர்ந்த நிலை ஜெர்மன் மொழியும் அங்குள்ள ஆசிரியர் தகுதியும் வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். உரிமை இருந்தும் கைக்கு எட்டாது என்பதே நிலை. அரசு உதவிபெறும் பள்ளியின் நிரந்தரப் பணி எளிதில் திரும்பக் கிடைப்பதில்லை. ராஜினாமாவுக்கு முன் ஊதியமில்லா விடுப்பு எத்தனை காலம் கிடைக்கும் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலே எத்தனை ஆண்டு என்ற கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடும்.

மகள் விஷயம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. முனிச் இருக்கும் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். ஜெர்மன், கணக்கு, சமூக அறிவியலும் இயற்கையும் கலந்த பாடம், இம்மூன்றின் சராசரி 2.33 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான ‘கிம்னாசியும்’ பள்ளி. அங்கே எண் குறையக் குறைய மதிப்பெண் நல்லது. பிற மொழிப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு, பின்னால் மாறிச் செல்லும் வழிகளும் உண்டு. ஆனாலும் செப்டம்பரில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்து, ‘ஆ’ முதல் ஜெர்மன் கற்று, இருபதே மாதத்தில் அந்தச் சான்றிதழைச் சந்திப்பது எட்டு வயதுக் குழந்தைக்குச் சுமை. பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புவரை. அதே நாடு, அதே மொழி, மூச்சுவிட இரண்டு ஆண்டு கூடுதல். முனிச் கம்பெனிக்குப் பெர்லினில் கிளை இருக்கிறதா, அல்லது அங்கிருந்து வேலை செய்ய விடுவார்களா என்று கேட்பது உங்கள் சம்பளப் பேச்சைவிட முக்கியம்.

சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் சேர ‘ஏஇஐஎஸ்’ தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணக்கும். பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும், தேறினால் ஜனவரியில் இடம், அதுவும் காலி இருந்தால். தேறாவிட்டால் சிபிஎஸ்இ பாடத்திட்டத் தனியார் பள்ளி உண்டு, கட்டணம் கூடும், மேலே சொன்ன மிச்சம் சுருங்கும். இங்கே ஒரு நன்மை, தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம். திரும்பி வரும் எண்ணம் இருந்தால் இது பெரிது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். நான்கு ஆண்டு தமிழ் எழுதாமல் இருந்துவிட்டு எட்டாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையின் பாட்டைப் பெற்றோர் முன்கூட்டி நினைப்பதில்லை. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வுக்குப் பதிவு செய்துவிடுவார்கள் என்பதால், எப்படியும் எட்டு முடியுமுன் திரும்பிவிட வேண்டும்.

அத்தையைப் பொறுத்தவரை தூரம்தான் கணக்கு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நேரடி விமானத்தில் நாலு மணி நேரம், திருநெல்வேலியிலிருந்து திருச்சிக்குக் காரில் ஐந்து. இரவு போன் வந்தால் மறுநாள் வீட்டில் இருக்கலாம். முனிச்சிலிருந்து ஒரு விமானம் மாறிச் சென்னை, அங்கிருந்து இன்னும் ஓர் இரவு ரயில். அவரை உடன் வைத்துக்கொள்வது இரண்டிலும் நடக்காது என்றே வையுங்கள். சிங்கப்பூரில் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி வாங்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும். ஜெர்மனிக்குச் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்குப் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. ஆக, நாத்தனார் பொறுப்பேற்பாரா என்று அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். கணவர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள்.

எங்கள் தீர்ப்பு: நாலு ஆண்டில் திரும்புவது என்றால் சிங்கப்பூர், சம்பளக் கடிதம் திருத்தப்பட்டால் மட்டும். அங்கேயே நிலைப்பது என்றால் ஜெர்மனி, அதிலும் பெர்லின். புளூ கார்டில் பி1 (நடுத்தர) நிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். சிங்கப்பூரில் நிரந்தரவாசம் அரசின் விருப்பம், காலவரையறை கிடையாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நிரந்தரப் பணியில் கணவரும் எழுபது வயது அத்தையும் இருக்கும் வீடு திரும்பி வரும் வீடாகவே எங்களுக்குத் தெரிகிறது. முனிச் உங்கள் ஆசை என்பதை மறந்து சொல்லவில்லை. அந்த ஆசையை நவம்பரில் ஒரு வாரம் போய்ச் சோதித்துப் பாருங்கள், ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பிடித்திருந்தால் எங்கள் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம்.

அத்தைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். எந்த ஊரானாலும் பேத்தியைப் பார்க்க வருவதற்கு அது வேண்டும்.