பூக்கடைக்கு க்யூஆர், சிறுவாட்டுக்குத் தகர டப்பா

கேள்வி: மதுரையில் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிறேன். விடியக்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ரொக்கம் கொடுத்து மல்லியும் பிச்சியும் எடுத்து, கட்டி, முழம் போட்டு விற்கிறேன். ஒரு நாளைக்குச் சுமார் 4,000 ரூபாய் ஓடும். அதில் 2,500 ரூபாய் ஜிபேயில் வருகிறது. மகன், "இனி காசே வேண்டாம்மா, எல்லாம் போனிலேயே வாங்கு, போனிலேயே கொடு" என்கிறான். கணக்கு என் பேரில்தான். ஆனால் அதற்குக் கொடுத்திருக்கும் சிம் வீட்டுக்காரருடையது. பகலில் போன் என்னிடம், ராத்திரி அவரிடம். தங்கைக்கு 500 ரூபாய் அனுப்பினால் அன்றைக்கே விசாரணை. பக்கத்துக் கடை அக்காவின் கணக்கை வேறு திடீரென்று முடக்கிவிட்டார்கள். சிறுவாடாகச் சேர்த்த 60,000 ரூபாய் வீட்டில் இருக்கிறது. வைத்திருப்பது தப்பா? எல்லாம் போனுக்குப் போய்விட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?
- வாசகி, மதுரை

பதில்: தப்பே இல்லையம்மா. உழைத்துச் சேர்த்த காசை வீட்டில் வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்தால் போதும். மகன் சொல்வதில் பாதி சரி. முழம் 50 ரூபாய்க்கு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் இன்று காசு இருப்பதில்லை, க்யூஆர் இல்லாவிட்டால் அந்த வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். ஆனால் கொடுப்பதும் சேமிப்பதும்கூடப் போனுக்கே போக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வரி பயத்தை முதலில் தள்ளி வைப்போம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் க்யூஆரைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின. அந்தச் செய்தி இங்கேயும் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆண்டு முழுக்கக் கடை திறந்தாலும் விற்பனை 14 லட்சத்து 60 ஆயிரம். பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம், அதோடு புதுப்பூவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வருமான வரியில் சிறு வியாபாரிக்கான உத்தேச லாப முறையில் போன் வழி வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும். உங்களுக்கு அது 98,550 ரூபாய் வருகிறது. உண்மையான லாபம் மூன்று லட்சமாகவே இருந்தாலும் வருமான வரியின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. ஆகவே வரிக்குப் பயந்து காசுக்கு ஓட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஒரு நோட்டில் தினம் கொள்முதல், விற்பனை என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் சிறுவாட்டுக்கும் சாட்சி.

இனி யார் பார்க்கிறார்கள் என்பது. ஒரு ஜிபே பரிமாற்றம் கொடுத்தவரின் வங்கியிலும், வாங்கியவரின் வங்கியிலும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயிலும், ஆப் நிறுவனத்திலும் பதிவாகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு இருந்தாலும் பதிவு பதிவுதான், அழியாது. உங்கள் விஷயத்தில் அதை முதலில் படிப்பது டெல்லியில் இருக்கும் யாரோ அல்ல, ராத்திரி போனைக் கையில் எடுப்பவர். சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான்.

உங்கள் ஆதாரைக் கொண்டுபோய் உங்கள் பேரில் ஒரு சிம் வாங்கி, ராத்திரியும் உங்களிடமே இருக்கும் வேறொரு போனில் போடுங்கள். கடைக் கணக்கு இல்லாத வேறொரு வங்கியில் அந்த நம்பரைக் கொடுத்து இரண்டாவது கணக்கு தொடங்குங்கள். கடை க்யூஆர் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். தினமும் கடை அடைக்கும்போது, மறுநாள் செலவுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பழைய போனில் அது ஒரே வரியாகத் தெரியும். அதற்குப் பிறகு தங்கைக்கு 500 போனதா, சீட்டுக்கு 2,000 போனதா என்பது உங்கள் கணக்கில் மட்டும். உங்கள் சம்பாத்தியம் உங்கள் பேரில் இருப்பதில் யாரையும் ஏமாற்றுவது எதுவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் க்யூஆர் அட்டையில் யுபிஐ ஐடி உங்கள் போன் நம்பராகவே அச்சாகியிருந்தால், பூ வாங்குகிற யார் வேண்டுமானாலும் உங்களைக் கூப்பிடலாம். கடை வைத்திருக்கும் பெண்களுக்கு இது சின்ன தொந்தரவு இல்லை. ஆப்பில் சுயவிவரப் பக்கத்தில் நம்பர் இல்லாத புது ஐடி உண்டாக்கி, அதற்குரிய அட்டையை மாட்டுங்கள். கடன் கொடுக்கும் ஆப் எதுவும் எஸ்எம்எஸ், காண்டாக்ட் அனுமதி கேட்டால் கொடுக்கவே கூடாது. உங்கள் வரவு முழுவதையும் அது வங்கிச் செய்திகளிலிருந்தே படித்துக்கொள்ளும்.

பக்கத்துக் கடை அக்காவுக்கு நடந்தது பலருக்கும் நடக்கிறது. யாரோ ஒருவரிடம் மோசடி செய்து பறித்த பணம் நாலைந்து கணக்கு மாறி, கடைசியில் ஒரு கடை க்யூஆரில் வந்து விழுகிறது. பணம் இழந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் செய்ததும், அந்தப் பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளையெல்லாம் வங்கி நிறுத்துகிறது. கடைக்காரர் செய்த குற்றம் எதுவும் இருக்காது. மாட்டிக்கொள்ளும் ஒரு வழி: "அக்கா, 5,000 ஜிபே பண்றேன், கைக்காசு கொடுங்க" என்று வருகிறவர்கள். பூ வாங்காதவருக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் காசு மாற்றிக் கொடுக்காதீர்கள்.

முடங்கிவிட்டால், கிளைக்குப் போய்ப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை மீது புகார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நிலையத்துக்கு உங்கள் விற்பனை நோட்டின் நகலோடு கடிதம் அனுப்புங்கள். கணக்கு முழுவதையும் அல்ல, புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி இரண்டு இடத்திலும் எழுதிக் கேளுங்கள். கேரள, சென்னை உயர் நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட்டிருக்கின்றன. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை 14448-இல் கேட்கலாம். ஆனால் காவல்துறை உத்தரவை அவரால் நீக்க முடியாது. காவல் நிலையமும் இறங்கி வராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடமோ, நம் ஊரிலேயே இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையிலோ மனுப் போடலாம். வாரக்கணக்கில் ஆகலாம். தினம் சாயங்காலம் பணத்தை மாற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான்: கடைக் கணக்கு முடங்கினால் பெரும்பாலும் ஒரு நாள் வரவுதான் உள்ளே சிக்கும். ஆனால் புகாருக்குரிய பணம் புதுக் கணக்குக்குப் போயிருந்தால் அதையும் நிறுத்தக்கூடும்.

அந்த வாரங்களில் கடை ஓட வேண்டுமே. ரொக்கம் வேண்டும் என்று நான் சொல்வது அதற்குத்தான். 2025 மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. துணிக்கடைக்காரர் மறுநாள் விற்றுக்கொள்வார். காலையில் எடுத்த மல்லி மொட்டு ராத்திரிக்குள் விரிந்துவிடும், உங்களுக்கு மறுநாள் என்பது கிடையாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் கூட்டத்தில் போன் சிக்னல் என்ன பாடுபடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஏழு நாள் கொள்முதலுக்கு, நாளுக்கு 2,500 வீதம், 17,500. வீட்டுச் செலவுக்கு 7,500. ஆக 25,000 ரூபாய் காசாக இருக்கட்டும். மீதி 35,000-ஐ உங்கள் புதுக் கணக்கில் போடுங்கள். வீட்டில் கிடக்கும் காசுக்கு வட்டியில்லை, திருட்டு, தீ இரண்டுக்கும் பதில் சொல்ல ஆளில்லை. அந்த 35,000-இலிருந்து தபால் நிலையத்தில் ஐந்தாண்டு தொடர் வைப்பு ஒன்று உங்கள் பேரில் தொடங்கலாம், மாதம் 100 ரூபாயிலிருந்தே ஏற்பார்கள்.

அந்த 25,000 எந்த நோட்டில் இருக்கிறது என்பது முக்கியம். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 நோட்டுகள் செல்லாது என்றபோது புழக்கத்தில் இருந்த பண மதிப்பில் சுமார் 86 சதவீதம் அவற்றில்தான் இருந்தது. எத்தனையோ வீடுகளில் பெண்களின் சிறுவாடு அன்றைக்குத்தான் வெளியே வந்தது, பலருக்கு அது திரும்பக் கைக்கு வரவேயில்லை. 2023 மே மாதம் 2,000 நோட்டையும் திரும்பப் பெற்றார்கள். நூறுக்கும் அதற்குக் கீழும் கை வைக்கவில்லை. ஆகவே 500 நோட்டில் 10,000, நூறில் 10,000, ஐம்பது, இருபது, பத்தில் 5,000.

உங்கள் தொழிலில் கை எப்போதும் ஈரம். ஈர நோட்டை அப்படியே அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூடி இறுக்கமான தகர டப்பாவில் வையுங்கள், அரிசிப் பானை வேண்டாம். எலி கடித்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள்: 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை இருந்தால் பாதி மதிப்பு வங்கியில் தருவார்கள். 20 வரையான நோட்டுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழுப் பணம்.

ரொக்கத்தில் கடன் வாங்குவதானால் 20,000-ஐத் தொட வேண்டாம். அந்தத் தொகையிலிருந்து கடன் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், இல்லையென்றால் வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். பத்து ரூபாய் நாணயத்தை நம் பக்கத்தில் வாங்க மறுக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று சொல்லியிருக்கிறது, நீங்கள் தயங்காமல் வாங்குங்கள். யாரும் எடுக்காவிட்டால் மாதம் ஒருமுறை நூறு நூறாகக் கட்டி உங்கள் புதுக் கணக்கில் போட்டுவிடலாம்.