நாலு பஞ்சாயத்துக்கு ஒரே பில்: கிளவுடுக்கு மாறினால் மிச்சமாகுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், எல்லையோரக் கிராமப் பஞ்சாயத்து ஒன்றில் வார்டு மெம்பராக இருக்கிறேன். எங்களுக்குச் சொந்த வருமானம் குறைவு. ஒரு கம்பெனிக்காரர் வந்து, "எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுங்கள், செலவு பாதியாகிவிடும்" என்கிறார். பக்கத்துப் பஞ்சாயத்துகள் மூன்று எங்களோடு சேரத் தயாராக இருக்கின்றன. உண்மையிலேயே மிச்சமாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிளவுட் என்பது வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. அந்தக் கம்பெனிக்காரரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எதில் பாதி? உங்கள் இப்போதைய செலவு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. பல பஞ்சாயத்துகளுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் செலவு ஒரே தலைப்பில் எழுதப்படுவதில்லையே. யுபிஎஸ் பேட்டரி ஒரு வவுச்சரில், ஏஎம்சி என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இன்னொன்றில், இன்டர்நெட் வேறொன்றில் இருக்கும். சர்வர் அறை ஏசி மொத்தக் கரண்ட் பில்லில் கரைந்து போயிருக்கும்.

அந்த ஏசியையே பாருங்கள். சில அலுவலகங்களில் பழைய சர்வர் அறை இன்னமும் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஏசி மட்டும் ஓடுகிறது. நாளுக்கு 20 யூனிட் என்று வைத்தாலே ஆண்டுக்கு 7,300 யூனிட். எதற்கு என்று கேட்டால், "பழைய டேட்டா இருக்கு, நிறுத்த பயமா இருக்கு" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பழைய டேட்டாவை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வைத்து, ஒன்றிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்தும் பார்த்துவிட்டால், ஏசியையும் பேட்டரியையும் சர்வரின் ஏஎம்சியையும் ஒரே நாளில் நிறுத்தலாம். கிளவுடுக்கு ஒரு ரூபாய் கட்டும் முன்பே வரும் மிச்சம் இது.

அடுத்தது, ஏற்கெனவே இலவசமாகக் கையில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்காமல் இருப்பது. கேரளத்தில் 941 கிராமப் பஞ்சாயத்துகள். கேரள அரசின் இன்பர்மேஷன் கேரளா மிஷன் 1999-இல் தொடங்கியது முதல் எல்லாருக்கும் பொதுவாக சேவனா, சஞ்சயா, சாங்க்யா என்று மென்பொருள் செய்து தந்தது. இப்போது கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை. 2024 ஜனவரி 1-இல் நகராட்சிகளில் தொடங்கி, 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. கட்டட வரி, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி எல்லாம் அதற்குள் நடக்கின்றன. இந்த வேலைகளுக்கு வேறு பெயரில் யாராவது ஆப் விற்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே கிளவுடில் இருப்பது என்றால் என்ன என்பதற்கு உங்கள் கவுண்டரில் ஓடும் கே-ஸ்மார்ட்டே உதாரணம்.

மீதி இருப்பவை சிசிடிவி, வெப்சைட், அலுவலகக் கோப்புகளின் காப்புப் பிரதி, வீடு வீடாக எடுக்கும் மேப்பிங் சர்வே, அப்புறம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். எல்லாமே கிளவுடுக்குப் பொருந்தாது.

சிசிடிவி நிச்சயமாகப் பொருந்தாது. குப்பை கொட்டுபவர்களைப் பிடிக்க இப்போது பல பஞ்சாயத்துகள் கேமரா வைக்கின்றன. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்றால், நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. 30 நாளுக்குச் சுமார் 650 ஜிபி. 20 கேமராவுக்கு 13 டிபி, அதாவது 13,000 ஜிபி. இதை மாதாமாதம் கிளவுடில் வைத்து வாடகை கட்டுவது, அரிசி மூட்டையை லாட்ஜில் ரூம் போட்டு வைப்பது மாதிரி. பதிவுக் கருவியை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, வழக்குக்கு வேண்டிய துண்டை மட்டும் தனியே பத்திரப்படுத்துங்கள்.

வெப்சைட்டும் காப்புப் பிரதியும் கிளவுடுக்கு நன்றாகப் பொருந்தும். அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. கிளவுட் பில் மின்சார மீட்டர் மாதிரி, யாரும் உபயோகிக்காவிட்டாலும் அணைக்கும் வரை ஓடும். சோதனைக்காகப் போட்ட மெஷின் ஒன்று வாரம் முழுக்க ஓடினால் 168 மணி நேரம். ஆபீஸ் நேரம் 40 மணிதான். மீதி நேரம் தானாக அணையும்படி வைத்தாலே அந்த மெஷினின் ஓட்ட வாடகையில் முக்கால் பங்கு மிச்சம். டேட்டாவை உள்ளே போடப் பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. இதை டெண்டரிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஜப்பானில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே 1,741 உள்ளாட்சிகள். சின்ன ஊர்கள் பல சேர்ந்து ஒரே சிஸ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் முன்பே இருந்தது, அதில் மிச்சமும் கிடைத்தது. பிறகு 20 வகை முக்கிய வேலைகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, அரசு கிளவுடுக்கு மாறச் சொன்னது மத்திய அரசு. 2018 நிதியாண்டோடு ஒப்பிட்டு, நடத்தும் செலவை 30 சதவீதம் குறைப்பது இலக்கு. மாறியபின் பல ஊர்கள் செலவு கூடிவிட்டது என்று முறையிட்டன. பழைய சிஸ்டத்தை அப்படியே தூக்கிக் கிளவுடில் வைத்தால் வாடகை ஒன்று கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். என் அனுபவமும் இதுவே. கிளவுட் என்பது வைக்கும் இடம். மிச்சம் வருவது நாலு பேர் வாங்க வேண்டியதை ஒருவர் வாங்குவதால்.

சேர்வது உங்களுக்குப் புதிதில்லை. ஹரித கர்ம சேனை வீடு வீடாக எடுக்கும் பிளாஸ்டிக் முதலில் பஞ்சாயத்து சேர்த்து வைக்கும் எம்சிஎஃப் கொட்டகைக்குப் போகிறது. அங்கிருந்து பிளாக் அளவில் பொதுவாக இருக்கும் ஆர்ஆர்எஃப் என்ற மறுசுழற்சி மையத்துக்குப் போகிறது. பொடியாக்கும் மெஷினை ஒவ்வொரு பஞ்சாயத்தும் வாங்கிப் போடவில்லையே. கம்ப்யூட்டர் வேலைக்கும் அதே வழியைப் பிடியுங்கள்.

சட்ட வழியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளாட்சிகளே திட்டம் போடும் மக்கள் திட்டம் 1996-இல் தொடங்கிய காலத்திலிருந்தே, உள்ளாட்சிகள் பங்குப் பணம் போட்டுச் செய்யும் சம்யுக்த பத்ததி, அதாவது கூட்டுத் திட்டம், உண்டு. பிளாக் பஞ்சாயத்தையோ உங்கள் நாலில் ஒன்றையோ முன்னிறுத்தி, ஒரே நிர்வாக அதிகாரி, ஒரே டெண்டர், மற்றவர்கள் பங்கு என்று திட்டமாகப் போட்டு, மாவட்டத் திட்டக் குழுவின் அங்கீகாரம் வாங்குங்கள்.

சண்டை வருவது பங்கு பிரிப்பதில். சரிசமமாகப் பிரித்தால் சின்னப் பஞ்சாயத்து முணுமுணுக்கும், கட்டட எண்ணிக்கைப்படி பிரித்தால் பெரியது முணுமுணுக்கும். பாதியைச் சரிசமமாகவும் பாதியைக் கட்டட எண்ணிக்கைப்படியும் பிரிப்பதுதான் நான் பார்த்தவரை நிலைத்து நிற்கிறது. ஒருவர் விலகினால் மீதிப் பங்கை யார் சுமப்பது என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். பிரசிடெண்ட் மாறுவார், கட்சி மாறும், ஒப்பந்தம் நிற்க வேண்டும்.

இன்னொன்று. நான் ஆலோசனை சொல்லப் போன ஓர் அலுவலகத்தில் வெப்சைட் முகவரியே ஒப்பந்தக்காரர் பெயரில் பதிவாகியிருந்தது. பில் தகராறு வந்ததும் அவர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். முகவரி வேறு யாரிடமோ போய், பஞ்சாயத்து அறிவிப்பைத் தேடியவர்களுக்குச் சூதாட்ட விளம்பரம் வந்தது. அதை மீட்க முடியவில்லை, புது முகவரிதான் வாங்கினோம். ஆகவே முகவரி, அட்மின் பாஸ்வேர்டு, டேட்டா மூன்றும் பஞ்சாயத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில், எந்த வடிவில் டேட்டா திரும்ப வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். மத்திய மின்னணு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள கிளவுட் நிறுவனமா என்றும் பாருங்கள்.

பொறுப்புக்கு ஒரு பெயரும் வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் கொடுக்க வேண்டும். நாலு பஞ்சாயத்தும் "அவர் சொல்லியிருப்பார்" என்று இருந்துவிட்டால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலைக்கு நாலு பேருக்கும் பொதுவாக நல்ல டெக்னிக்கல் ஆள் ஒருவரை வைத்து, வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தனித்தனியே நாலு ஏஎம்சி போடுவதைவிட இது மேல்.

இன்டர்நெட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாம் வெளியே ஓடும்போது லைன் அறுந்தால் கவுண்டரே நின்றுவிடும். கேரள அரசின் ஃபைபர் இணைப்பான கே-போன் ஒன்று, வேறு வழியில் வரும் இணைப்பு ஒன்று என்று இரண்டு வையுங்கள். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கம் மொபைல் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அதை நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எல்லைப் பஞ்சாயத்துகள் சேர்ந்தால் அதிகம் லாபம் இதில்தான். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் தருகிறது. ஆனால் விண்ணப்பம் மலையாளத்தில் இருப்பதால், நம் ஆட்கள் எழுதிக் கொடுக்க ஆள் தேடிக் காசு கொடுக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற எல்லைப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் அதே விண்ணப்பங்கள்தானே. அதிகம் கேட்கப்படும் பத்துப் பதினைந்தை ஒரு தடவை நன்றாகத் தமிழாக்கி, செக்ரட்டரியிடம் காட்டி, எல்லாருடைய வெப்சைட்டிலும் போடலாம். மொழிபெயர்த்தவர் சம்பளம் சேரும் பஞ்சாயத்துகளுக்குள் பிரியும். இதற்குக் கிளவுட் கம்பெனி தேவையில்லை, வரும் கமிட்டிக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம்.